டொயோட்டாவின் விநியோகச் சங்கிலி: 1997 தீவிபத்து முதல் 2023 சர்வர் முடக்கம் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை 4.18 மணிக்கு, ஜப்பானின் ஐச்சி மாகாணம் கரியா நகரில் ஐசின் செய்கி நிறுவனத்தின் முதலாம் ஆலையில் தீப்பிடித்தது. காலை ஒன்பது மணி ஆவதற்குள், பிரேக் பாகங்களைத் தயாரித்துவந்த பிரிவு ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோயிற்று. எரிந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வேலைக்கென்றே செய்யப்பட்டவை. மீண்டும் ஆர்டர் கொடுத்தால் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும். டொயோட்டாவின் கார்களுக்கு வேண்டிய பி-வால்வுகளில் 99 சதவீதம் அந்த ஓர் ஆலையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

பி-வால்வு என்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகப் பாகம். ஓடும் கார் பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்ந்து, பின்சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைகிறது. அந்த நேரத்தில் முன்சக்கரத்துக்குப் போகும் அதே அழுத்தம் பின்சக்கரத்துக்கும் போனால் அது பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கிவிடும். பின்பக்க அழுத்தத்தை உரிய அளவுக்குக் குறைத்துக் கொடுப்பதே இந்த வால்வின் வேலை. விலை ஆயிரம் யென் அளவிலேயே இருந்த மலிவான பாகம். ஆனால் இது இல்லாமல் ஒரு காரும் ஆலையை விட்டு வெளியே போக முடியாது. டொயோட்டாவின் கையில் இருந்த இருப்போ அதிகம் போனால் இரண்டு மூன்று நாட்களுக்கானது.

அந்தத் தீயில் தொடங்கி, 2011 நிலநடுக்கம், 2021 சிப் தட்டுப்பாடு, 2022 இணையத் தாக்குதல், 2023 சர்வர் முடக்கம் என்று கால் நூற்றாண்டில் டொயோட்டாவின் உற்பத்தி பலமுறை தடைபட்டது. ஒவ்வொரு முறையும் அந்நிறுவனம் ஆழமாகப் பாடம் கற்றது, கற்றதைச் செயல்படுத்தவும் செய்தது. ஆயினும் அடுத்த தடை, முந்தைய பாடம் எட்டாத ஓரிடத்திலிருந்தே வந்தது. விநியோகச் சங்கிலித் துறையில் நெருக்கடி பற்றியும் புத்தாக்கம் பற்றியும் பேசுவோர் இந்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றைத் தொடர்ச்சியாக வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பார்க்கும்போது புலப்படாத ஒன்று, வரிசையாக வைத்துப் பார்க்கும்போது புலப்படுகிறது: உடைவது எப்போதும், நிறுவனம் தன் கண்ணால் பார்க்க முடிகிற கடைசி அடுக்குக்கு அடுத்த அடுக்கில்தான்.

இருப்பு குறைவாக வைத்ததன் காரணம்

ஜஸ்ட்-இன்-டைம் எனப்படும் டொயோட்டாவின் உற்பத்தி முறையில் பாகங்கள் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில் மட்டுமே வந்து சேரும். அதன் கருவி கான்பான் என்ற அட்டை. அசெம்பிளி லைனில் ஒரு பெட்டியிலிருந்து பாகங்களை எடுக்கத் தொடங்கியதும், அதில் இருக்கும் அட்டை முந்தைய பிரிவுக்கோ சப்ளையருக்கோ திரும்பிப் போகும்; அந்த அட்டைதான் அடுத்த பெட்டியைச் செய்து அனுப்புவதற்கான ஆணை. அட்டை வராமல் யாரும் எதையும் செய்யக் கூடாது. இதனால் கிடங்குச் செலவு குறைகிறது என்பது பலரும் சொல்வது. அதைவிட முக்கியமானது, குறைகளை மறைக்க இடம் கிடைக்காது என்பதாகும். ஒரு சப்ளையரின் தரம் சறுக்கினால், ஓர் இயந்திரம் அடிக்கடி நின்றால், மலைபோல் குவிந்த இருப்பு அதை வாரக்கணக்கில் மூடி மறைக்கும். இருப்பு இல்லாத இடத்தில் அது சில மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும்.

ஐசின் ஒன்றையே நம்பியிருந்ததும் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் இந்த வால்வுகள் தேவைப்பட்டன. பெரிய அளவில் ஒரே இடத்தில் செய்தால் விலை குறையும், தரம் சீராக இருக்கும். ஐசினின் தரத்தில் டொயோட்டாவுக்கு ஐயம் இருந்ததில்லை. ஐயம் இல்லாத இடத்தில் மாற்று ஏற்பாடு தேடுவதற்கான உந்துதலும் இல்லாமல் போயிற்று.

அறுபத்திரண்டு இடங்களில் ஒரே வால்வு

தீ முழுமையாக அணைவதற்கு முன்பே ஐசின் அவசரகாலக் குழுவை அமைத்து, எந்த நிறுவனத்தால் உதவ முடியும் என்று தொலைபேசியில் கேட்கத் தொடங்கியது. டொயோட்டாவும் தன் சப்ளையர்களை அழைத்தது. வால்வின் வரைபடங்கள் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கப்பட்டன. தொழில் இரகசியம், காப்புரிமை, விலை, இழப்பீடு ஆகியவற்றைப் பற்றிய பேரம் எதுவும் முன்கூட்டி நடக்கவில்லை. யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாமலேயே நிறுவனங்கள் வேலையைத் தொடங்கின.

இந்த வேலையின் கடினம் வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. ஐசினில் இருந்தவை தானியங்கித் தனிவகை இயந்திரங்கள். உதவ வந்த நிறுவனங்களிடம் இருந்தவை பொது உபயோக லேத்துகளும் மில்லிங் இயந்திரங்களும் மெஷினிங் சென்டர்களும்தான். வால்வின் உடலில் வெவ்வேறு விட்டத்தில் துளைகள் உண்டு; அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு அவற்றுக்குள் கசிவில்லாமல் நகர வேண்டும் என்பதால் டாலரன்ஸ் (அனுமதிக்கப்படும் அளவுப் பிழை) மிக நெருக்கமானது. தனிவகை இயந்திரம் ஒரே மூச்சில் செய்த வேலையை, ஒவ்வொரு பட்டறையும் தன்னிடம் இருந்த இயந்திரத்துக்கு ஏற்பப் பல படிகளாகப் பிரித்து, பாகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஜிக்குகளையும் பிடிமானங்களையும் தானே வடிவமைத்து, துளையிடும் கருவிகளைத் தேடிப் பிடித்துச் செய்யவேண்டியிருந்தது. ஐசினின் பொறியாளர்களிடம் கேட்கலாம் என்றாலோ தொலைபேசி இணைப்புகள் ஓயாமல் நிரம்பிக் கிடந்தன. கிடைத்தாலும், பொது இயந்திரங்களில் இந்த வால்வைச் செய்த அனுபவம் அவர்களுக்கே இல்லை. ஆகவே பட்டறைகள் தங்களுக்குள்ளேயே கேட்டும் சொல்லியும் வழி கண்டுபிடித்தன. ஒருவர் கண்ட தீர்வு சில மணி நேரத்தில் மற்றவருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐசினைவிடப் பெரிய சப்ளையரான டென்சோ, வால்வு தயாரிப்புக்கு இடம் ஒதுக்குவதற்காகத் தன் வழக்கமான வேலைகளில் சிலவற்றை வெளியாருக்குக் கொடுத்தது. தையல் இயந்திரங்களுக்குப் பெயர்போன பிரதர் நிறுவனம், கார் பாகம் எதையும் அதுவரை செய்திராதது, தன் மில்லிங் இயந்திரத்தை மாற்றியமைத்து வால்வுகளைக் கடைந்து கொடுத்தது. சுமார் 200 நிறுவனங்கள் ஏதோ ஒரு வகையில் பங்கெடுத்தன. அவற்றில் 62 நிறுவனங்கள் வால்வையே தயாரித்தன. தீப்பிடித்து நான்கு நாட்களுக்குள் தரச் சோதனையில் தேறிய முதல் வால்வுகள் வந்து சேர்ந்தன. இடைப்பட்ட நாட்களில் டொயோட்டாவின் லைன்கள் ஒவ்வொன்றாக நின்று, ஜப்பானில் அதன் உற்பத்தி ஏறக்குறைய முழுவதுமாக முடங்கியது உண்மை. ஆனால் பிப்ரவரி 6 முதல் லைன்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அடுத்த திங்கட்கிழமையான 10ஆம் தேதியளவில் உற்பத்தி வழக்கமான அளவை நெருங்கிவிட்டது. ஐசினில் எரிந்த இயந்திரங்களுக்கு மாற்று வந்து சேர்ந்திருக்கவே முடியாத காலம் அது.

பின்னர் ஐசின் நேரடிச் செலவுகளை ஈடுகட்டியது. டொயோட்டா, தனக்கு நேரடியாகப் பாகம் விற்கும் முதல்நிலைச் சப்ளையர்களுக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை அவர்கள் தனக்கு விற்ற தொகையில் ஒரு சதவீதத்தை வெகுமதியாக அளித்தது; மொத்தம் 1,500 கோடி யென்னுக்கு மேல். முதல்நிலைச் சப்ளையர்கள் பலர் அதே முறையில் தங்களுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பகிர்ந்தளித்தனர்.

இந்த மீட்சியை நம்பிக்கை, ஒற்றுமை என்ற சொற்களால் மட்டும் விளக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த விளக்கம் போதாது. கியோஹோகாய் என்ற சப்ளையர் சங்கத்தின் வழியாக இந்நிறுவனங்களின் பொறியாளர்கள் பல ஆண்டுகளாக ஒருவர் ஆலையை ஒருவர் பார்த்தும், சிக்கல்களைச் சேர்ந்து தீர்த்தும் பழகியிருந்தார்கள். இருப்பில்லாத உற்பத்தி முறையே அவர்களுக்கு அன்றாடம் சிறு சிறு நெருக்கடிகளைக் கொடுத்து, அவற்றை விரைவாகத் தீர்க்கும் பயிற்சியையும் கொடுத்திருந்தது. சங்கிலியை ஒரு வாரத்தில் முறிய வைத்த அதே முறைதான், அதே வாரத்தில் அதைப் பொருத்தவும் கைகொடுத்தது. இருப்பைக் கூட்டு என்று மட்டும் இதிலிருந்து முடிவெடுப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வேறோர் இடத்தில் நடந்த ஒரு தீவிபத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அல்புகர்க்கி நகரிலிருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னல் காரணமாகத் தீப்பிடித்துப் பத்து நிமிடத்துக்குள் அணைக்கப்பட்டது. ஆனால் புகையும் நீரும் சிப்புகள் தயாராகும் தூசியற்ற தூய்மை அறையைக் கெடுத்துவிட்டன. அந்த ஆலையின் பெரும் வாடிக்கையாளர்களான நோக்கியா, எரிக்சன் என்ற கைபேசி நிறுவனங்கள் இரண்டுக்கும் ஒரே செய்திதான் போயிற்று: ஒரு வாரம் தாமதமாகும். நோக்கியா அதை அப்படியே ஏற்காமல் அன்றாடம் கண்காணித்து, தாமதம் நீளும் என்று தெரிந்ததும் பிலிப்ஸின் மற்ற ஆலைகளிலும் வேறு சப்ளையர்களிடமும் உற்பத்தித் திறனைப் பிடித்துக்கொண்டது. எரிக்சனுக்கு அந்தச் சிப்புக்கு மாற்று வழி இல்லை. விழித்துக்கொண்டபோது உலகில் மிச்சம் இருந்த திறனும் போய்விட்டது. அதற்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 40 கோடி டாலர். அடுத்த ஆண்டே அதன் கைபேசித் தொழில் சோனியுடன் சேர்ந்த கூட்டு நிறுவனமாகியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த அடி சிறியதன்று.

சிப் என்பது வால்வு அன்று

2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய 9.0 அளவிலான நிலநடுக்கத்தின்போது, டொயோட்டாவிடம் 1997இன் அனுபவம் இருந்தது. முதல்நிலைச் சப்ளையர்களின் நிலை சில நாட்களில் தெரிந்துவிட்டது. அவர்களில் பலருக்குப் பெரிய சேதம் இல்லை. இருந்தும் அவர்களால் பாகங்களை அனுப்ப முடியவில்லை. ஏனென்றால் அவர்களுக்குப் பொருள் கொடுப்பவர்கள், அவர்களுக்கும் கொடுப்பவர்கள் என்று கீழே எங்கோ அறுந்திருந்தது. எங்கே என்று சொல்ல டொயோட்டாவிடம் பட்டியல் இல்லை. யாரிடம் வாங்குகிறோம் என்பதைச் சப்ளையர்கள் வணிக இரகசியமாகக் கருதிவந்தார்கள். டொயோட்டாவும் அதைக் கேட்டதில்லை.

சங்கிலி ஒரு பிரமிடு என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர்: மேலே ஒரு கார் நிறுவனம், கீழே போகப் போக மேலும் மேலும் பலர். தேடிப் பார்த்தபோது தெரியவந்தது வேறு. இரண்டாம், மூன்றாம் அடுக்குகளில் சங்கிலி மறுபடி குறுகியது. ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்திருந்த இரண்டு மூன்று முதல்நிலைச் சப்ளையர்கள், தெரியாமலேயே, கீழே ஒரே ஆலையைச் சார்ந்திருந்தார்கள். இபராக்கி மாகாணத்தில் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை அப்படிப்பட்ட ஒன்று. கார்களில் என்ஜினையும் பிரேக்கையும் பிறவற்றையும் கட்டுப்படுத்தும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புகளில் உலக அளவில் ரெனேசாஸின் பங்கு அப்போது சுமார் 40 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது.

பெயின்டில்கூட இது நடந்தது. காரின் மேற்பூச்சுக்கு மினுமினுப்பைக் கொடுக்கும் சிராலிக் என்ற நிறமியை உலகிலேயே ஓரிடத்தில்தான் தயாரித்தார்கள்: ஃபுகுஷிமா மாகாணம் ஒனாஹாமாவில், ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்துக்குச் சொந்தமான ஆலை. அது நின்றதும், பசிபிக் கடலுக்கு அப்பால் இருந்த ஃபோர்டு நிறுவனம் ஒரு வகைக் கறுப்பு நிறத்திலும் சில சிவப்பு நிறங்களிலும் கார்களுக்கான ஆர்டரை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

1997இல் பலித்த வழி இங்கே பலிக்கவில்லை. வால்வை, வரைபடமும் திறமையான கடைசலாளரும் இருந்தால் வேறோர் இயந்திரத்தில் செய்துவிடலாம். சிப்பின் வடிவமைப்போ அது தயாராகும் ஆலையின் செயல்முறையோடு பின்னிப் பிணைந்தது. வேறோர் ஆலைக்கு மாற்றினால் வடிவமைப்பைத் திருத்தி, சோதித்து, கார் நிறுவனத்தின் ஒப்புதலையும் பெற மாதங்கள் ஆகும். எல்லாம் சரியாக இருந்தாலும் வேஃபர் என்ற சிலிக்கான் தகடு உள்ளே போய்ச் சிப்பாக வெளியே வர மூன்று மாதங்களுக்கு மேல் பிடிக்கும். ஆகவே கார் நிறுவனங்களும் இயந்திர நிறுவனங்களும் வேலையைப் பகிர்ந்துகொள்வதற்கு மாறாக, ஆட்களை நாகாவுக்கு அனுப்பின. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 2,500 பேர் வரை அங்கே சீரமைப்புப் பணியில் இருந்தனர். ஜூன் 1 அன்று உற்பத்தி மீண்டும் தொடங்கியது. திட்டமிட்டதைவிட விரைவான மீட்சிதான், ஆனால் 1997இல் ஒரு வாரமாக இருந்தது இப்போது மாதங்களாகிவிட்டது.

இந்த அனுபவத்திலிருந்து டொயோட்டா செய்த இரண்டு ஏற்பாடுகள்தாம் இந்த ஆய்வில் புத்தாக்கம் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியவை.

முதலாவது தகவல். நிலநடுக்கத்தால் 1,200க்கும் மேற்பட்ட பாகங்களும் மூலப்பொருள்களும் பாதிக்கப்படலாம் என்று கணக்கிட்ட டொயோட்டா, அவற்றில் முன்னுரிமை தரவேண்டிய 500ஐப் பட்டியலிட்டது. பிறகு ரெஸ்க்யூ என்ற பெயரில், எந்தப் பாகம் எந்த அடுக்கில், எந்த ஊரில், எந்த ஆலையில் செய்யப்படுகிறது என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. சொல்வதற்கு எளிதாக இருக்கும் இது, நடைமுறையில் மிகக் கடினமான பேச்சுவார்த்தை. தன் சப்ளையரின் பெயரைச் சொன்னால், நாளை டொயோட்டா தன்னைத் தாண்டி அவரிடமே நேரடியாக வாங்கிவிடுமோ என்ற அச்சம் எந்தச் சப்ளையருக்கும் இருக்கும். அந்தத் தகவல் விலை பேசப் பயன்படாது என்ற உறுதியை நம்பும்படி செய்ய முடிந்ததால்தான் இந்தத் தரவுத்தளம் சாத்தியமாயிற்று. இத்தகைய மென்பொருளை இன்று யாரும் விலைக்கு வாங்கலாம்; அதை நிரப்பும் தரவு வாங்கக் கிடைப்பதில்லை.

இரண்டாவது இருப்பு. எல்லாப் பாகங்களுக்கும் இருப்பைக் கூட்டாமல், நின்றுபோனால் திரும்ப வர எவ்வளவு காலம் ஆகுமோ அதற்கேற்ப டொயோட்டா இருப்பை நிர்ணயித்தது. சிப்புகளைப் பொறுத்தவரை, ஆர்டர் கொடுத்து வந்துசேரும் காலத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதத் தேவையைச் சப்ளையர்கள் வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. அந்தச் சுமை முழுவதும் அவர்கள் தலையில் ஏறவில்லை. ஆண்டுதோறும் விலைக் குறைப்பாக அவர்களிடமிருந்து பெறும் தொகையில் ஒரு பகுதியை டொயோட்டா இதற்காகத் திருப்பிக் கொடுத்தது.

ஃபோர்டு நிறுவனத்துக்காக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட் சிம்ச்சி-லெவி குழு செய்த பணியும் ஏறக்குறைய இதே தர்க்கத்தில் அமைந்ததுதான். எந்தப் பேரிடர் எப்போது வரும் என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சப்ளையர் தளத்துக்கும் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டார்கள்: நின்றுபோனால் மீண்டுவர எத்தனை நாள், அதுவரை நம்மால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரியதாக இருக்கும் இடமே ஆபத்தான இடம். நிறுவனம் ஒரு சப்ளையருக்குச் செலவிடும் தொகைக்கும் அவரால் வரக்கூடிய பாதிப்புக்கும் தொடர்பே இல்லை என்று அதில் தெரியவந்தது. கொள்முதல் துறைகள் பெரிய தொகை போகும் சப்ளையர்களையே உற்றுக் கவனிக்கின்றன. மலிவான பாகத்தின் பக்கம் யாரும் திரும்புவதில்லை. ஆயிரம் யென் வால்வு அதைத்தான் முன்பே காட்டியிருந்தது.

கையிருப்பின் எல்லை

2020 வசந்த காலத்தில் கொரோனாவால் கார் விற்பனை சரிந்ததும் உலகின் பல கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. சிப் ஆலைகள் அந்தத் திறனைக் கணினிகளுக்கும் பிற மின்னணுப் பொருள்களுக்கும் திருப்பிவிட்டன. ஆண்டின் இறுதியில் கார் விற்பனை எதிர்பாராத வேகத்தில் மீண்டபோது, கார் நிறுவனங்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் போட்டியாளர்கள் ஆலைகளை மூடிக்கொண்டிருந்தபோது, டொயோட்டா தன் உற்பத்தி மதிப்பீட்டை உயர்த்தியது. குறைந்த இருப்புக்கு உலகத்துக்கே பாடம் சொன்ன நிறுவனம், கையிலிருந்த இருப்பால் தப்பித்தது என்று அப்போது பரவலாக எழுதப்பட்டது. இருப்பையும் தாண்டி, எந்தச் சிப் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அந்நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு அரை ஆண்டுக்குத்தான் தாங்கியது. மார்ச் 19 அன்று அதே நாகா ஆலையில் தீப்பிடித்து ஏறக்குறைய ஒரு மாதம் உற்பத்தி நின்றது. கோடையில் டெல்டா வகைத் தொற்று தென்கிழக்கு ஆசியாவில் பரவி, வியட்நாம், மலேசியா போன்ற நாடுகளில் பாகங்கள் தயாரிக்கும் ஆலைகளை நிறுத்தியது. ஆகஸ்ட் 19 அன்று, செப்டம்பர் மாத உலக உற்பத்தியைத் திட்டமிட்டதிலிருந்து சுமார் 40 சதவீதம் குறைப்பதாக டொயோட்டா அறிவித்தது. இருப்பு என்பது காலத்தை வாங்கித் தருவது மட்டுமே. ஓர் இடத்தில் ஏற்படும் தடையைக் கடக்க அது போதும். பல இடங்களில் அடுத்தடுத்து, முடிவு தெரியாமல் வரும் தடைக்கு எந்த இருப்பும் போதாது.

ஆர்டர் நின்றபோது

2022 பிப்ரவரி 26 இரவு, டொயோட்டாவுக்குக் காரின் உட்புற பிளாஸ்டிக் பாகங்களைச் செய்து கொடுக்கும் கோஜிமா நிறுவனத்தின் சர்வர் ஒன்றில் கோளாறு தென்பட்டது. பார்த்தால் வைரஸ் தாக்குதல், கூடவே மிரட்டல் செய்தி. பரவாமல் தடுக்க கோஜிமா தன் வலையமைப்பைத் துண்டித்தது. ஆலையில் தீ இல்லை, நில அதிர்வு இல்லை, இயந்திரங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. ஆனால் எந்தப் பாகம் எப்போது எவ்வளவு வேண்டும் என்ற செய்தியைப் பெறவும் அனுப்பவும் வழியில்லை. மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளிலும் 28 லைன்கள் நின்றன. சுமார் 13,000 கார்களின் உற்பத்தி அந்த ஒரு நாளில் பாதிக்கப்பட்டது. தாக்கியவர்கள் நுழைந்த வழியும் கவனிக்கத்தக்கது. கோஜிமாவின் துணை நிறுவனம் ஒன்று, வெளி நிறுவனமொன்றுடன் தொடர்புகொள்வதற்காகத் தனியே வைத்திருந்த ரிமோட் இணைப்புச் சாதனத்தில் இருந்த குறைபாடே அது. சப்ளையரின் துணை நிறுவனத்தின் ஒரு சாதனம் என்பது, பாகங்களின் எந்த வரைபடத்திலும் இடம்பெறாத ஒன்று.

அடுத்த ஆண்டு வெளியாரும் தேவைப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 29 அன்று அதே 14 ஆலைகளும் நின்றன. தாக்குதல் ஏதும் இல்லை என்று கூறிய டொயோட்டா, பிறகு காரணத்தையும் வெளியிட்டது. பாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்பு நடந்தது; சேர்ந்திருந்த தரவுகளை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டு, சிஸ்டம் நின்றுபோனது. பேக்கப் சர்வர்களும் அதே சிஸ்டத்தில் ஓடியதால், அவையும் அதே பிழையில் விழுந்தன, மாற்றிக்கொள்ள முடியவில்லை. அதிகக் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகு, மறுநாள் ஆலைகள் திறந்தன.

இந்தப் பேக்கப் விவரத்தை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். 2011இல் இரண்டு முதல்நிலைச் சப்ளையர்கள் கீழே ஒரே சிப் ஆலையைச் சார்ந்திருந்தது எப்படியோ, அப்படித்தான் இரண்டு சர்வர்கள் ஒரே சிஸ்டத்தைச் சார்ந்திருந்தன. மாற்று ஏற்பாடு இருப்பதாகக் கணக்கில் இருந்தது, இரண்டும் ஒரே வேரில் நின்றன. பாகங்கள் விஷயத்தில் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி, பாகங்களுக்கு ஆணையிடும் சிஸ்டத்தின் விஷயத்தில் கேட்கப்படாமல் இருந்திருக்கிறது. கான்பான் அட்டை காகிதமாக இருந்த காலத்தில், அது எங்கே தேங்கியது என்பதை ஆலையில் நின்ற எவரும் கண்ணால் பார்த்திருப்பார். மின்னணு வடிவத்துக்கு மாறியதால் வேகமும் துல்லியமும் கூடின, தூரம் ஒரு பொருட்டில்லாமல் போயிற்று. அதை மறுக்க முடியாது. ஆனால் எல்லா ஆலைகளுக்கும் பொதுவான ஒற்றைப் பாகமாக அது ஆகிவிட்டது. டொயோட்டாவின் வரலாற்றில் ஒற்றை மூலத்தை நம்பிய பாகங்களில் இதுவே மிகப் பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது.

செலவு யாருடையது

இத்தனை நிகழ்ச்சிகளுக்குப் பிறகும், ஜஸ்ட்-இன்-டைம் முறை காலாவதியாகிவிட்டது என்ற முடிவை நான் ஏற்கவில்லை. டொயோட்டா அதைக் கைவிடவும் இல்லை. பெரும்பாலான பாகங்கள் இன்றும் இருப்பில்லாமலே ஓடுகின்றன, மீண்டுவர நீண்ட காலம் எடுக்கும் சிலவற்றுக்கு மட்டும் மாதக்கணக்கில் இருப்பு உண்டு. எதற்கு எது என்று பிரிக்கத் தெரிவதற்கு ஆழமான தகவல் தேவை. அந்தத் தகவல் இல்லாத நிறுவனங்கள், நெருக்கடி வந்தவுடன் எல்லாவற்றையும் குவிக்கின்றன, நெருக்கடி போனவுடன் எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்கின்றன. 2021, 2022 ஆண்டுகளில் பல தொழில்களில் இதுதான் நடந்தது.

தீராமல் நிற்பது பணத்தின் கேள்வி. அடுக்குகளில் கீழே இறங்க இறங்க நிறுவனங்கள் சிறியவையாகின்றன. சில பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு, டொயோட்டாவின் உற்பத்தியை ஒரு நாள் நிறுத்தும் ஆற்றல் உண்டு. தன் வலையமைப்பைக் காக்கத் தனி ஆளை நியமிக்கும் வசதி இல்லை. ஆண்டுதோறும் விலையைக் குறைத்துக் கேட்டுக்கொண்டே, இருப்பும் வை, தகவலும் கொடு, இணையப் பாதுகாப்பும் செய் என்று மேலிருந்து சொன்னால், கீழே இருப்பவர் படிவங்களை நிரப்புவார், வேறொன்றும் நடக்காது. 1997இல் டொயோட்டா கொடுத்த ஒரு சதவீதம், நெருக்கடி முடிந்த பிறகு வந்த நன்றி. சிப் இருப்புக்காகத் திருப்பிக் கொடுத்த தொகை, நெருக்கடிக்கு முன்பே செலுத்தப்பட்ட கட்டணம். இரண்டாவது முறைதான் சங்கிலியைத் தாங்குகிறது. அதே ஏற்பாட்டைக் கீழடுக்குகளின் சர்வர்களுக்கும் பாதுகாப்புப் பணியாளர்களுக்கும் விரிக்க வேண்டும், அதற்கான தொகையை அந்த அடுக்குகளால் ஆதாயம் பெறும் கார் நிறுவனமே பாகத்தின் விலையில் வெளிப்படையாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.